சீட்டைக் கிழிக்காதீங்க, சில்லறையை எடுங்க

தெமோதரையில் "பிரிட்ஜ்" என்று சொன்னால் எல்லாரும் ஒன்பது வளைவுப் பாலத்துக்குத்தான் கை காட்டுவாங்க. அதே பெயரில் ஒரு சீட்டு விளையாட்டு இருக்கு. வெள்ளைக்காரத் தொரைமார் கிளப்பில் உட்கார்ந்து ஆடியது. அதைக் கௌரவமான பொழுதுபோக்கு என்றார்கள். லயத்து இஸ்தோப்பில் நாலு பேர் 304 ஆடினால் அதுக்குப் பெயர் சூது.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதுதான் எங்கள் கேள்வி. ஆட்டத்தில் இருந்து வரவில்லை என்பது எங்கள் கருத்து.

முதலில் ஆட்டத்தைப் பார்ப்போம். 304-ல் 32 சீட்டு, நாலு பேர், ரெண்டு ஜோடி. ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒண்ணுமில்லை. ஒரு சின்னத்துக்கு 76, நாலுக்கும் சேர்த்து 304. முதல் நாலு சீட்டை மட்டும் பார்த்துக் கேள்வி கேட்கணும், துரும்பைக் கவிழ்த்து வைக்கணும். பிரிட்ஜிலும் இதே எலும்புக்கூடுதான்: ஜோடி, கேள்வி, துரும்பு, கேட்டதை எடுத்துக் காட்ட வேண்டிய கட்டாயம்.

மூளை வேலை எங்கே என்று கேட்பவர்களுக்காக ஒரு கடைசிக் கட்டம். ஆளுக்கு மூணு சீட்டு மிச்சம். துரும்பு எல்லாம் போயாச்சு. நம்ம கையில் இஸ்பேட் ஜாக், இஸ்பேட் ஏஸ், ஆட்டின் ஏழு. எதிராளி ஒருத்தரிடம் இஸ்பேட் ஒன்பது, இஸ்பேட் பத்து, ஆட்டின் ஏஸ். மற்ற ரெண்டு பேரிடமும் எட்டும் ஏழும்தான். இறக்க வேண்டியது நாம.

அவசரக்காரர் ஜாக்கைப் போடுவார். எதிராளி பத்தைக் கொடுப்பார், நமக்கு 40. அடுத்து ஏஸைப் போட்டால் ஒன்பது அதை வெட்டிக்கொண்டு போகும், அவருக்கு 31. கடைசியில் அவருடைய ஆட்டின் ஏஸ் நம்ம ஏழை எடுக்கும், இன்னும் 11. நமக்கு 40, அவருக்கு 42.

நிதானமாக ஆடுபவர் அந்த ஒண்ணுக்கும் உதவாத ஆட்டின் ஏழைத்தான் முதலில் இறக்குவார். எதிராளி ஏஸால் எடுத்தே ஆகணும், 11 அவருக்கு. இப்போ அவர் கையில் இஸ்பேட் மட்டும்தான். ஒன்பதைப் போட்டால் ஜாக் பிடிக்கும், பத்தைப் போட்டால் ஏஸ் பிடிக்கும். எப்படிப் போட்டாலும் கடைசி ரெண்டு பிடியும் நமக்கு. மொத்தம் 71, அவருக்கு வெறும் 11. அதே சீட்டு, அதே ஆட்கள். இறக்கிய வரிசைதான் வேறு.

பிரிட்ஜில் ஏஸ், ராணியை வைத்துக்கொண்டு ராஜா, ஜாக் வைத்திருப்பவரிடம் வேண்டுமென்றே ஒரு பிடியைக் கொடுத்து, அவரையே நம்ம பக்கம் இறக்க வைப்பது இதுவேதான். அதைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதி வைத்திருக்கிறார்கள். தெமோதரையில் ரயில் என்ன செய்கிறது? நேராக இறங்க முடியாத சரிவில் மலையைச் சுற்றி வந்து, தான் நின்ற ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் புகுந்து போகிறது. சுற்றிப் போவது தோல்வி இல்லை. அதுதான் வழி.

ஆனா இந்த வித்தை அதிர்ஷ்டத்தில் வராது. எதிராளியிடம் வேறு சீட்டு மிச்சமில்லை என்று தெரிந்தால்தான் ஏழை இறக்க முடியும். அதுக்கு முதல் பிடியிலிருந்தே எண்ணிக்கொண்டு வரணும். 304-லேயே அதுக்கு ஒரு விதி இருக்கு. எட்டுப் பிடியும் நமக்குத்தான் என்று உறுதியானதும் "கேப்ஸ்" சொல்லணும். பிந்திச் சொன்னால் தண்டம். ஜெயிப்பது போதாது, ஜெயிப்பது எப்போது உறுதியானது என்பதும் தெரிந்திருக்கணும். இப்படிக் கேட்கிற விளையாட்டை மூளையில்லாதவன் வேலை என்று எப்படிச் சொல்வது?

1967-ல் இந்திய உச்ச நீதிமன்றம் ரம்மி வழக்கொன்றில், அது பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்றது. சீட்டுப் பிரிப்பதில் இருக்கிற அதிர்ஷ்டம் பிரிட்ஜிலும் இருப்பதுதான் என்றும் சொன்னது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜுக்குப் பதக்கமே கொடுத்தார்கள். ஆண்கள் ஜோடிப் பிரிவில் தங்கம் வாங்கியவர்கள் கொல்கத்தாவைச் சேர்ந்த 60 வயது பிரணாப் பர்தனும் 56 வயது ஷிப்நாத் சர்க்காரும்.

எதிர்ப்பக்கம் நியாயமே இல்லையா? இருக்கு. சம்பள நாளில் சீட்டுக்கட்டு என்ன செய்யும் என்பது கொழுந்துக் கூடை சுமக்கிற அம்மாமாருக்குத்தான் தெரியும். அரிசிக்கும் பிள்ளையின் கொப்பிக்கும் வைத்த காசு ஒரு ராத்திரியில் போன வீடுகள் உண்டு. சீட்டைக் கண்டதும் அடுப்பில் போடுகிற அம்மாவிடம் போய் "இது அறிவு விளையாட்டு" என்று பாடம் எடுக்க எங்களுக்கு உரிமை இல்லை. அவங்க எரிப்பது சீட்டை இல்லை, அந்தக் கடனை.

அதனால்தான் சொல்கிறோம், எடுக்க வேண்டியது காசை. காசு போனால் கூடவே ஒளிவு மறைவும் போகும். சாராயப் போத்தலும் தள்ளிப்போகும். பொம்பளைப் பிள்ளைகளும் உட்கார முடியும். இன்றைக்கு அண்ணன்மார் ஆடுவதைக் கதவோரம் நின்று பார்த்தே விதி முழுக்கத் தெரிந்த தங்கச்சிகள் எத்தனை பேர்! அவங்களுக்கு ஒரு கை போட இடமில்லை என்பதுதான் உண்மையான நஷ்டம்.

அதிர்ஷ்டத்தைக் குறைக்கவும் பிரிட்ஜ்காரர்களிடம் ஒரு வழி இருக்கு. ஒரே சீட்டைப் பல மேசைகளில் ஆட வைப்பார்கள். நமக்கு ரெண்டு மேசை, எட்டுப் பேர், ஒரு கொப்பி போதும். முதல் மேசையில் பிரித்த நாலு கையையும், எந்தச் சீட்டு முதலில் வந்தது என்ற வரிசையோடு எழுதி வைத்து, இரண்டாம் மேசையில் அப்படியே கொடுக்கணும். அங்கே நம்ம அணியின் மற்ற ஜோடி எதிர்ப்பக்கக் கையை எடுத்து ஆடும். நல்ல சீட்டு வந்ததால் ஜெயிச்சோம் என்று அதுக்குப் பிறகு யாரும் சொல்ல முடியாது.

பிரிட்ஜைப் பெரிய ஆட்டமாக்கியது தொரைமாரின் மூளை மட்டுமில்லை. யாரோ உட்கார்ந்து எழுதினார்கள், விதியை ஒன்றாக்கினார்கள், போட்டி வைத்தார்கள். நம்ம 304-க்கு டிவிஷனுக்கு ஒரு விதி, ஒவ்வொண்ணும் ஒரு தாத்தாவின் ஞாபகத்தில் இருக்கு. அவர் போனால் அதுவும் போகும். ஆகவே இந்த வாரம் உங்க தோட்டத்தில் எப்படி ஆடுறாங்க, கேப்ஸுக்கு என்ன தண்டம், கேள்வி எங்கே தொடங்குது என்று கேட்டு எழுதுங்க. சனசமூக நிலையத்தில் செஸ் பலகை இருக்கிற மேசையிலேயே ஒரு சீட்டுக்கட்டுக்கும் இடம் கேளுங்க. சுவரில் ஒரே ஒரு விதி ஒட்டினால் போதும்: காசு வைத்தால் ஆட்டம் இல்லை.