கடப்பிதழும் குலப்பெருமையும்

ஒருவரின் குலம் எது என்று கேட்டறிந்த பின்னரே, அவரைத் திண்ணையில் அமர்த்துவதா, தெருவிலேயே நிறுத்துவதா என்று முடிவு செய்த காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தின் கொடுமையை நாம் வகுப்பறைகளில் கடிந்து பேசுகிறோம். அந்த வினா முற்றாக மறைந்துவிட்டதாகவும் எண்ணி மகிழ்கிறோம். ஆயின், அது மறையவில்லை. விமான நிலையங்களிலும் தூதரகச் சாளரங்களிலும் இன்றும் அது கேட்கப்பட்டு வருகிறது. குலம் என்ற சொல்லின் இடத்தில் நாடு என்ற சொல் அமர்ந்துள்ளது, அவ்வளவே.

இதனை எழுதத் தூண்டியது ஒரு மாணவனின் கட்டுரை. "என் நாட்டின் பெருமை" என்பது தலைப்பு. நம் கடப்பிதழின் உயர்வைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்த அவன், "நல்லவர்களுக்கு உலகம் கதவைத் திறக்கிறது, மற்றவர்களை உலகம் நம்புவதில்லை" என்று முடித்திருந்தான். எழுத்துப்பிழை இல்லை, சந்திப்பிழை இல்லை. நல்ல மதிப்பெண் இட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அத்தொடரில் இருந்த பிழை என் கண்ணுக்குப் பட இரண்டு நாள் ஆயிற்று. பிழை மாணவனுடையது அன்று; அவனுக்கு அவ்வாறு எண்ணக் கற்றுக்கொடுத்த நம்முடையது.

ஹென்லி நிறுவனம் 2024 ஜூலையில் வெளியிட்ட பட்டியலில், முன்னரே விசா பெறாமல் 195 இடங்களுக்குச் செல்ல வழிதரும் சிங்கப்பூர்க் கடப்பிதழ் முதலிடம் பெற்றது. இந்தியக் கடப்பிதழுக்கு 58 இடங்கள். சிரியாவின் கடப்பிதழுக்கு 28. ஆப்கானிஸ்தான் மட்டுமே அதற்கும் கீழே இருந்தது. நம் நாட்டின் சிறப்பிடம், பல்லாண்டு உழைப்பாலும் நேர்மையான ஆட்சியாலும் திறமையான வெளியுறவாலும் கிடைத்த பயன் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால், அந்த உழைப்பில் பங்கு கொள்ளாத பன்னிரண்டு வயதுச் சிறுவன், தான் நல்லவன் என்பதற்கு அதனைச் சான்றாகக் காட்டலாமா? டமாஸ்கஸ் நகரில் அதே ஆண்டில் பிறந்த சிறுவன் செய்த குற்றந்தான் என்ன?

சிரிய மக்களின் நிலையைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். 2009-ஆம் ஆண்டில் துருக்கியும் சிரியாவும் தமக்கிடையே விசா முறையை நீக்கின. 2011-இல் சிரியாவில் கிளர்ச்சி எழுந்தது; அது போராக முற்றியது. ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அண்டை நாடுகளில் அடைக்கலம் புகுந்தனர். போர் வளர வளரக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. 2013 ஜூலையில் எகிப்து விசாவைக் கட்டாயமாக்கியது. பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோரைத் தாங்கியிருந்த சின்னஞ்சிறு லெபனான், 2015 ஜனவரியில் புதிய விதிகளை விதித்தது. 2016 ஜனவரியில் துருக்கியும், வானூர்தியிலும் கப்பலிலும் வரும் சிரியர்க்கு விசா வேண்டும் என்றது. அந்நாடுகள் சுமந்த பாரம் பெரிது. அவற்றை மட்டும் பழித்துப் பயனில்லை. எனினும், ஓர் உண்மையை இவ்விடத்தில் காண்கிறோம். ஊர் அமைதியாக இருந்தபோது திறந்திருந்த கதவு, ஊர் எரியத் தொடங்கிய பின் மூடப்பட்டது. மழையில்லாத நாளில் குடை கொடுத்து, மழை வந்ததும் பறித்துக்கொள்வதற்கு இது ஒப்பாகும்.

விசா இல்லாதவன் விமானத்தில் ஏற முடியாது. ஏற்றிச் செல்லும் நிறுவனம் தண்டம் கட்ட வேண்டிவரும். ஆகவே, ஒருவன் அடைக்கலம் பெறத் தக்கவனா என்பதைப் பயணச்சீட்டைச் சரிபார்க்கும் ஊழியரே தீர்மானிக்கும் நிலை உண்டாயிற்று. அடைக்கலம் கேட்க வேண்டுமானால் அந்நாட்டு மண்ணை மிதிக்க வேண்டும். மண்ணை மிதிக்க விசா வேண்டும். அடைக்கலம் கேட்பவன் என்று ஐயம் எழுந்தாலோ விசா கிடையாது. இந்த வட்டத்திற்குள் அகப்பட்டவர்களே படகேறினர். 2015 செப்டம்பரில் துருக்கிக் கடற்கரையில் ஒதுங்கிய சிரியச் சிறுவனின் உடலைப் படத்தில் கண்டு உலகமே கலங்கியது. அக்கரைக்கு முறையான கப்பல் சென்றுகொண்டுதான் இருந்தது. அதன் கட்டணம், கள்ளத்தனமாகப் படகு விடுவோர் வாங்கியதில் ஒரு சிறு பங்கே. அக்குடும்பத்திடம் இல்லாதது பணமா? அன்று, தாளே!

"சிரியர் கதை நமக்கு எதற்கு?" என்று சிலர் வினவக்கூடும். அவர்க்கு விடை கூறுவேன்: இது தமிழர் கதையே. 1983 ஜூலையில் இலங்கையில் தமிழர் வீடுகள் எரிந்தன. 1985-இல் பிரிட்டன், இலங்கைக் குடிமக்களுக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. காமன்வெல்த் நாடு ஒன்றின் மக்கள்மீது அந்நாடு அத்தகைய விதியைச் சுமத்தியது அதுவே முதல் முறை. 1987 பிப்ரவரியில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், திருப்பியனுப்பப்படவிருந்த தமிழ் இளைஞர்கள், தங்கள் ஆடைகளைக் களைந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். மானத்தை உயிரினும் பெரிதென்று போற்றிய இனத்தின் பிள்ளைகள், உயிரைக் காக்க மானத்தைத் துறக்க நேர்ந்தது. பயணிகளை ஏற்றி வரும் நிறுவனங்களுக்குத் தண்டம் விதிக்கும் சட்டம் அதே ஆண்டில் அங்கு இயற்றப்பட்டது. சிரியரைத் தடுத்த வலையின் நூல்களுள் ஒன்று, தமிழரைத் தடுக்க நெய்யப்பட்டது என்பதை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்?

நாம் இங்கு வந்த கதைதான் என்ன? நம் பாட்டன்மார் பிரிட்டிஷ் பேரரசின் குடிகளாக நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்தனர். "ரஜுலா" என்ற பெயரை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். 1953 ஆகஸ்டு முதல் நாளில் புதிய குடிநுழைவுச் சட்டம் இங்கு நடைமுறைக்கு வந்த பின்னர், தொழில்திறன் உடையோர், இங்கு வாழ்வோரின் மனைவி மக்கள் முதலிய சில வகையினர்க்கே வழி கிடைத்தது. அந்நாளுக்கு முன் வந்தவன் குடிமகன் ஆனான். வர எண்ணித் தயங்கியிருந்த அவன் தம்பி அயலான் ஆனான். இருவருக்கும் இடையே இருந்தது நல்லொழுக்க வேற்றுமையா? நாள்காட்டியின் ஒரு தாளே!

அத்தம்பியின் பேரன்மாரை ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்காவில் காணலாம். சிராங்கூன் சாலை நடைபாதையில் தோளோடு தோள் உரசி நடக்கும் அவர்கள் பேசுவது நம் தமிழே. இந்தியாவிலுள்ள முதிய தாயைப் பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்கு வரவழைக்க விரும்பும் மகன், விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறான். மறுக்கப்பட்டால், காரணம் இன்னதென்று தாய்க்குச் சொல்ல அவனால் இயலாது. "நான் என்ன தப்புப் பண்ணினேன்?" என்று தொலைபேசியில் கேட்கும் மூதாட்டியிடம், என் மாணவன் எழுதிய தொடரைப் படித்துக் காட்ட முடியுமா?

"எழுநூற்றுச் சொச்சம் சதுர கிலோமீட்டர் தீவு, எல்லாரையும் ஏற்க இடம் ஏது?" என்பர். உண்மை. யார் வரலாம் என்று வரையறுக்கும் உரிமை எந்த நாட்டுக்கும் உண்டு. எல்லைகளை இடித்துத் தள்ளுக என்று நான் கூறவில்லை. ஆனால், இதே தீவு, 1978 முதல் 1996 வரை செம்பவாங்கின் ஹாக்கின்ஸ் சாலையில் வியட்நாம் அகதிகளுக்கு முகாம் நடத்தியது. வேறொரு நாடு ஏற்றுக்கொள்ளும் என்ற உறுதியின் பேரில் அவர்கள் தங்க வைக்கப்பட்டனர். முப்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் அவ்வழியே சென்று புதுவாழ்வு பெற்றனர். கட்டுப்பாடு இருந்தது, கருணையும் இருந்தது. முழுக்கதவையும் திறக்க இயலாத வீட்டுக்கும் ஒரு திண்ணை உண்டு என்பதற்கு நம் நாட்டு வரலாறே சான்று.

ஆதலின், அரசுகளிடம் கேட்க வேண்டியவை இரண்டு. நாட்டின் பெயரை மட்டும் பார்க்காது ஆளைப் பார்த்து ஆராய்க. மறுப்பின், காரணம் கூறுக. நீதிமன்றத்தில் நிற்கும் குற்றவாளிக்கே குற்றம் இன்னதென்று சொல்லும் உலகம், குற்றமே செய்யாத விண்ணப்பதாரருக்கு ஒரு வரி எழுதலாகாதா?

ஆசிரியப் பெருமக்களே! அரசுகளின் செயல் நம் கையில் இல்லை. வகுப்பறை நம் கையில் உள்ளது. கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாடலைத் தமிழ் விழாதோறும் முழங்குகிறோம். பள்ளிச் சுவரில் வண்ணத்தில் எழுதி வைக்கிறோம். அதே சுவரின் கீழ் அமர்ந்து, கடப்பிதழின் தரவரிசையைக் கொண்டு மனிதரைத் தரம் பிரிக்கும் கட்டுரைக்கு மதிப்பெண்ணும் இடுகிறோம். இவற்றுள் ஒன்று பொய்யாகத்தான் இருக்க வேண்டும். பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லை என்ற வள்ளுவர் நெறியைக் கற்பிக்கும்போது, பிறந்த சாதியோடு நிறுத்தாமல் பிறந்த நாட்டையும் சேர்த்துக் கற்பிப்போம். ரஜுலாவின் கதையையும், ஹீத்ரோவின் கதையையும், சிரியக் குழந்தையின் கதையையும் ஒரே பாடமாக வைப்போம். நாட்டுப்பற்று அதனால் குறையாது. கிடைத்த நற்பேறு எத்தகையது என்று உணர்ந்தவனே அதனைப் பொறுப்போடு காப்பான்.

அந்த மாணவனை மீண்டும் அழைத்தேன். "உன் கொள்ளுத்தாத்தா எந்தக் கடப்பிதழோடு வந்தார் என்று வீட்டில் கேட்டு வா" என்றேன். மதிப்பெண்ணை மாற்றவில்லை. அத்தொடரின் அடியில் மட்டும், முதல் நாளே இட்டிருக்க வேண்டிய சிவப்புக் கோட்டை இட்டேன்.