விடை கடைசியில் வரட்டும்

ரேணிகுண்டா மாதிரி ஜங்ஷன் ஊரில் செஸ் கற்கும் சிறுவனுக்கும் இன்று பாடத்துக்குப் பஞ்சமில்லை. அப்பாவின் செல்போனிலேயே லட்சக்கணக்கான ஆட்டங்கள், புதிர்கள், வீடியோக்கள். எந்த நகர்த்தல் சரி என்று நொடியில் சொல்ல 'ஸ்டாக்ஃபிஷ்' என்ற இலவச என்ஜின் வேறு. சிக்கலே அங்குதான். விடை முதலில் வந்துவிட்டால் பையன் எதை யோசிப்பான்?

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வீழ்த்தி 18 வயதில் உலக சாம்பியனானார் டி. குகேஷ். சென்னைவாசி, குடும்பத்தின் பூர்வீகம் ரேணிகுண்டாவைப் போலவே பழைய சித்தூர் மாவட்டத்தில் இருந்த சத்தியவேடு பக்கம். 2017-ல் அவருக்குப் பயிற்சி தரத் தொடங்கிய கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா, என்ஜின் பக்கமே அவரை விடவில்லை. 2019 ஜனவரியில், 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை குகேஷ் தன் ஆட்டங்களைத் தானே அலசினார். விஷப்பரீட்சைதான். ஆனால் பலித்தது.

என்ஜினை அடியோடு ஒதுக்க எல்லோராலும் முடியாது. தோற்ற ஆட்டத்தில் எங்கே தவறினோம் என்று முதலில் நோட்டில் எழுதிவிட்டு, பிறகு அதைக் கேட்கலாம்.

புத்தகத்துக்கும் இதே அளவுகோல்தான். 1966-ல் பெல்கிரேடில் தொடங்கிய 'இன்ஃபர்மேட்டர்' தொகுதிகள் வெறும் குறியீடுகளால் பேசுபவை. எந்த மொழிக்காரரும் படிக்கலாம். ஆனால் ஒரு காய் ஏன் அங்கே போனது என்று அவை விளக்குவதில்லை. டேவிட் பிரான்ஸ்டைன் 1953 ஜூரிச் போட்டியின் 210 ஆட்டங்களைப் பற்றி எழுதிய புத்தகம், அந்த 'ஏன்'களை வார்த்தைகளில் சொல்கிறது. ஓரளவு ஆடத் தெரிந்தவருக்கு அது போதும், பல வருடங்களுக்கு. சென்னைப் பயிற்சியாளர் ஆர்.பி. ரமேஷ் 2022-ல் கணக்கிடும் திறன் பற்றி வெளியிட்ட புத்தகம் அருமையானது. ஆனால் ஆரம்பநிலைக் குழந்தைக்கு அதை வாங்கித் தருவது, இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஐ.ஐ.டி. கைடு கொடுப்பது போல.

பழைய புத்தகக் கடையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'பி-கே4' என்று நகர்த்தல்களை எழுதியிருந்தால் அது பழைய முறை. இப்போது அதே நகர்த்தல் வெறும் 'இ4'. இரண்டையும் ஒன்றாகக் கற்றால் குழந்தை குழம்பிவிடும்.

வாங்குமுன் கடையிலேயே ஆறு புதிர்களைக் கொடுத்துப் பார்க்கலாம். ஆறையும் உடனே போட்டுவிட்டால் அது எளிது. ஒன்றும் வராவிட்டால் அதிகம். மூன்று, நான்கு வந்தால் வாங்கலாம். வீட்டுக்கு வந்ததும் விடைப் பக்கங்களை ஸ்டேப்ளர் போட்டு மூடிவிட்டு, பின்னைப் பிரிக்கும் வேலையை அம்மாவிடம் விட்டுவிடலாம்.