கடை அலமாரிக்குப் போகுமுன்

அமரவிளையில் வணிக வரிச் சோதனைச் சாவடி இயங்கிய காலத்தை நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரத்து வணிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின், வரிக்காக அங்கே வண்டிகள் வரிசையில் நிற்கும் வழக்கம் முடிவுக்கு வந்தது. எல்லையை ஒட்டிய சிற்றூர்களில் வறுவல், கருப்பட்டி, கைத்தறித் துணி முதலியவற்றை வீட்டிலோ சிறு கூடத்திலோ ஆக்கி விற்போருக்குச் சந்தை விரிந்தது. கைப்பேசியில் ஆர்டர் பெற்று, கூரியரில் அனுப்பி, உடனுக்குடன் வங்கிக் கணக்கில் பணம் பெறும் நேரடி விற்பனை அவர்களுக்குக் கைவந்த தொழிலாயிற்று.

இத்தகையோர் ஓரளவு பெயர் பெற்றதும் ஓர் அழைப்பு வரும். "உங்கள் பொருளை எங்கள் கடையில் வையுங்கள்" என்று பேரங்காடி ஒன்று கேட்கும். அதை வெற்றியின் முத்திரையாகவே பலரும் கருதுகின்றனர். அந்த அழைப்பை ஏற்கலாம் என்பதே என் கருத்தும். ஆனால் கடை அலமாரியில் கிடைக்கும் இடம் பரிசன்று. அது நாம் கடைக்காரருக்குக் கொடுக்கும் கடன். அந்தக் கடனைத் தாங்கும் முதல் கையில் இருக்கிறதா என்று பாராமல் இறங்குவோர், விற்பனை பெருகப் பெருகப் பணமின்றித் தவிப்பர்.

நேரடி விற்பனைக்கு ஓர் எல்லை உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகளை எரித்து இறைச்சி சுடும் அடுப்புகள் பெரிய வணிகம். அவ்வகை அடுப்பை விற்கும் ரெக்டெக் நிறுவனம் 2009இல் ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கி, பல ஆண்டுகள் வாடிக்கையாளருக்கு நேரடியாகவே விற்றது. இன்று அதன் அடுப்புகள் ஏஸ் ஹார்டுவேர் போன்ற கடைகளிலும் கிடைக்கின்றன. கனமான, விலை மிகுந்த ஒரு பொருளை மூடியைத் திறந்து பார்த்து, தொட்டுத் தெளிந்தபின் வாங்க விரும்புவோர் எங்கும் உண்டு. வறுவலுக்கும் அது பொருந்தும். நம் கைப்பேசி எண்ணை அறியாதவரை நம்மிடம் கொண்டுவந்து சேர்ப்பது கடையே.

நம் நாட்டில் இப்பாதையில் முன்னே சென்ற நிறுவனம் யுரேகா ஃபோர்ப்ஸ். 1982இல் தொடங்கிய அந்நிறுவனத்தின் விற்பனையாளர்கள் கழுத்துப்பட்டை அணிந்து வீடு வீடாகச் சென்று தூசி உறிஞ்சும் கருவியையும், பின்னர் அக்வாகார்டு நீர்ச் சுத்திகரிப்பானையும் இயக்கிக் காட்டி விற்றனர். கடைகளில் போட்டி வலுத்தபோது, அக்வாஷூர் என்ற வேறு பெயரில் கடைகளுக்கெனத் தனிப் பொருள்களை அது கொண்டுவந்தது. ஒரே பொருள் வீட்டு வாசலில் ஒரு விலைக்கும் கடையில் குறைந்த விலைக்கும் கிடைத்தால், விற்பனையாளரின் சொல்லை வாடிக்கையாளர் அதன்பின் நம்பமாட்டார். சிறு உற்பத்தியாளரும் இதைப் பின்பற்றலாம். கடைக்குச் சிறு பொட்டலமும் நேரடி வாடிக்கையாளருக்குப் பெரிய பொட்டலமும் என்று பிரித்துவிட்டால் விலைப் பூசல் எழாது.

எச்சரிக்கைக்கும் எடுத்துக்காட்டு உண்டு. மாமாஎர்த் என்ற வணிகப் பெயரின் உரிமையாளரான ஹொனாசா நிறுவனம் இணைய விற்பனையில் வளர்ந்து, பின்னர் கடைகளுக்குள் விரிவடைந்து, 2023 நவம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தது. மறு ஆண்டு ஜூலை முதல் செப்டம்பர் வரையான காலாண்டில் அதற்குச் சுமார் 19 கோடி ரூபாய் இழப்பு ஏற்பட்டது. கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் விநியோக முறையை மாற்றியமைத்ததும், அதையொட்டித் தேங்கிய சரக்கைச் சரிசெய்ததும் அதற்கு முக்கியக் காரணங்கள். விநியோகஸ்தரின் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்த சரக்கு விற்ற சரக்காகிவிடாது. பெரிய நிறுவனம் ஒரு காலாண்டு இழப்பைத் தாங்கும். குடும்பத் தொழிலால் அது இயலுமா?

கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் பார்ப்போம். பாறசாலையில் ஒரு குடும்பம் 100 ரூபாய் விலையுள்ள வறுவல் பொட்டலம் செய்கிறது என்று கொள்வோம். ஆக்கும் செலவு 55 ரூபாய். நேரடியாக விற்றால் கூரியருக்கும் விளம்பரத்துக்கும் 20 ரூபாய் போக 25 ரூபாய் மிஞ்சும். பணமும் முன்னரே வந்துவிடும். கடை வழியாகச் சென்றால் விநியோகஸ்தரும் கடைக்காரரும் 30 ரூபாய் எடுத்துக்கொள்வர். நமக்கு வருவது 70, மிஞ்சுவது 15. அதுவும் 45 நாள் கழித்தே வரும். மாதம் 1,000 பொட்டலம் அனுப்பினால் எந்நேரமும் 1,05,000 ரூபாய் வெளியே நிற்கும். அதில் நம் கைச்செலவு மட்டும் 82,500 ரூபாய். நூறு பொட்டலத்தில் ஐந்து விற்காமல் திரும்பினால் 350 ரூபாய் வரவு போகும். அந்நூற்றின் இலாபமான 1,500 ரூபாயில் ஏறக்குறையக் கால் பங்கு அது. விற்பனையை இரட்டிப்பாக்கினால் வெளியே நிற்கும் தொகையும் இரட்டிப்பாகும்.

எல்லை ஊராருக்கு வேறொரு கணக்கும் உண்டு. சோதனைச் சாவடி போனாலும் சட்டத்தில் எல்லை அப்படியே இருக்கிறது. கேரளத்துக்குள் மட்டும் பொருள் விற்போர் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைக் கடக்கும் வரை பொதுவாக வரிப் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் நடந்தே போய்விடக்கூடிய களியக்காவிளைக் கடைக்கு ஒரு பெட்டி அனுப்பினாலும் அது மாநிலங்களுக்கிடையேயான விற்பனை. குறிப்பிட்ட சில கைவினைப் பொருள்களுக்கான சலுகை தவிர, விற்றுமுதல் எவ்வளவு சிறியதாயினும் பதிவு தேவை. காம்போசிஷன் திட்டத்தில் உள்ளோர் வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்கவே இயலாது. கூரியர் ஆர்டருக்கும் கடைப் பெட்டிக்கும் விதி ஒன்றே. ஆகவே முதல் ஆறு மாதம் நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கடைகளில் நிலைகொண்டு, பின்னர் எல்லையைத் தாண்டுவதே நல்லது.

சட்டம் சிறியவர் பக்கமும் நிற்கிறது; அதைப் பயன்படுத்துவோர்தான் குறைவு. உத்யம் பதிவு இலவசம். அப்பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள்ளும், இல்லையேல் 15 நாளுக்குள்ளும் பணம் தரப்பட வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டு வட்டி கோரலாம். இந்த வரம்புக்குள் செலுத்தாத தொகையை, செலுத்தும் ஆண்டு வரை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட இயலாது என்ற விதி 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. கடைக்காரரோடு முகம் முறித்துக்கொள்ள அஞ்சி வழக்குத் தொடுக்கத் தயங்குவது இயல்பே. ஆயினும் விலைச்சீட்டிலேயே உத்யம் எண்ணையும் கெடு நாளையும் அச்சிடுவது யாரையும் புண்படுத்தாது.

வங்கியை நாடுவோரும் எதற்கு நாடுகிறோம் என்பதில் தெளிவு கொள்ள வேண்டும். கடை அழைத்தது என்றதும் புதிய இயந்திரத்துக்குக் கடன் வாங்குவதே நம் வழக்கம். முதலில் தேவைப்படுவது, 45 நாள் இடைவெளியை நிரப்பும் நடைமுறை மூலதனம். அதைத் திட்டமிடாமல் இயந்திரத்தை வாங்கினால், நகையை அடகு வைத்துத்தான் அடுத்த மாதத்துக்கு நேந்திரங்காய் வாங்க நேரிடும்.

மொத்த விற்பனையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எந்த ஒரு கடையிடமும் சிக்கிவிடாமல் இருப்பதும், கடைக்குப் போகும் பொட்டலத்திலும் நம் கைப்பேசி எண்ணை அச்சிடுவதும் என் பார்வையில் இன்றியமையாதவை. வறுவலில் உப்பு கூடிவிட்டது என்று நேரே அழைத்துச் சொல்லும் வாடிக்கையாளரே நேரடி விற்பனை நமக்குத் தந்த பெரும் சொத்து. கடைக்குள் நுழையும் அவசரத்தில் அவரை இழந்துவிடலாகாது.