மிஸ்டு கால் கொடுக்கவும் காசு வேண்டும்

ஒரு ரிங் என்றால் பஸ் ஏறியாகிவிட்டது. இரண்டு ரிங் என்றால் ஊருக்குள் வந்தாகிவிட்டது, ஸ்டாண்டுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு வரலாம். விட்டு விட்டு மூன்று தடவை அடித்தால் விஷயம் பெரிசு, காசு போனாலும் உடனே கூப்பிட வேண்டும். பால்காரருக்கு, ஆட்டோக்காரருக்கு, விடுதியில் படிக்கும் மகளுக்கு என்று ஆளுக்கொரு கணக்கு. எந்தக் கம்பெனியும் சொல்லித் தராமல் 2000-களில் நாடு முழுக்க இந்தப் பழக்கம் ஊறிப்போயிருந்தது. இதற்கென்று மரியாதைகளும் இருந்தன. சம்பந்தி வீட்டுக்கு மிஸ்டு கால் கொடுக்கக் கூடாது. கடன் கேட்கப் போகிறவன் கொடுக்கவே கூடாது. சம்பாதிக்கிற அண்ணனுக்குத் தங்கை கொடுக்கலாம். அண்ணன் தங்கைக்குக் கொடுத்தால் தீபாவளி வரைக்கும் வீட்டில் அதே கேலிதான்.

இத்தனைக்கும் இடம் தந்தது கட்டண முறையில் இருந்த ஒரு சந்து. எதிர்முனையில் எடுத்தால்தான் மீட்டர் ஓடும். ஆனால் அதற்கு முன்பே மணி அடித்துவிடும், கூப்பிட்டவரின் எண்ணும் திரையில் விழுந்துவிடும். லேண்ட்லைன் காலத்திலும் இரண்டு மணி அடித்து வைப்பவர்கள் இருந்தார்கள். அடித்தது யார் என்பதுதான் தெரியாது.

1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, கொல்கத்தாவிலிருந்து மத்திய அமைச்சர் சுக்ராமை அழைத்துப் பேசினார். இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு அது. அப்போது கூப்பிட்டவருக்கும் காசு, எடுத்தவருக்கும் காசு. உச்ச நேரத்தில் நிமிடத்துக்கு 16 ரூபாய்க்கு மேல். போன் அடித்தால் சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று தெரியாத காலம். 2003இல்தான் கூப்பிடுபவர் மட்டும் கட்டினால் போதும் என்று விதி மாறியது. 'நீ கூப்பிடு, நான் எடுக்கிறேன்' என்ற பேரம் அன்றைக்குத்தான் முழுசாக அர்த்தம் பெற்றது. சில ஆண்டுகளில் 999 ரூபாய் கட்டினால் ஆயுசுக்கும் அழைப்பு வரும் என்ற 'லைஃப்டைம்' திட்டங்கள் வந்தன. கணக்கில் நயா பைசா இல்லாத போனுக்கும் அழைப்பு வந்தது.

வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? பெங்களூரில் 2010இல் தொடங்கிய ஜிப்டயல் என்ற நிறுவனம் மிஸ்டு காலையே தொழிலாக்கியது; 2015இல் அதை ட்விட்டர் வாங்கிக்கொண்டது. பீகார், ஜார்க்கண்ட் கிராமங்களில் கரண்டும் இல்லை, டிவியும் இல்லை, ஆனால் போன் இருக்கிறது என்று கண்டுகொண்ட இந்துஸ்தான் யூனிலீவர், மிஸ்டு கால் கொடுத்தால் திரும்பக் கூப்பிட்டு கால் மணி நேரம் பாட்டும் நகைச்சுவையும் கேட்கவைத்தது. நடுநடுவே சோப்பு விளம்பரம். 2014இல் கான் விளம்பர விழாவில் அதற்குத் தங்க விருது கிடைத்தது. அரசியலும் பின்னால் வந்தது. அண்ணா ஹசாரேயின் ஊழல் எதிர்ப்பு இயக்கம் 2011இல் ஆதரவாளர்களை மிஸ்டு கால் கொடுக்கச் சொன்னது. பாஜக 2014 இறுதியில் அதே வழியில் உறுப்பினர் சேர்க்கத் தொடங்கி, 10 கோடியைத் தாண்டி உலகின் மிகப் பெரிய கட்சியாகிவிட்டோம் என்று அறிவித்தது.

மணி அடித்தவர் மனசில் என்ன இருந்தது என்பது மணிக்குத் தெரியாது என்பதுதான் இதில் சிக்கல். 2020 ஜனவரியில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு ஆதரவு காட்ட பாஜக ஓர் எண்ணை அறிவித்தது. அதே எண்ணை, கூப்பிட்டால் நெட்ஃபிளிக்ஸ் இலவசம் என்று சிலர் ட்விட்டரில் பரப்பினார்கள். கடைசியில் நெட்ஃபிளிக்ஸே வந்து, இது பொய், இலவசமாகப் பார்க்க வேண்டுமென்றால் எல்லோரையும் போல அடுத்தவர் கணக்கில் நுழைந்து பாருங்கள் என்று கிண்டலடித்தது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து பேச்சை இலவசமாக்கியதும் மிஸ்டு கால் செத்துவிட்டது என்று பலர் எழுதினார்கள். சாகவில்லை. ஒரு பெரிய சண்டையின் நடுவே போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்கு அழைப்பு போனால், கூப்பிட்டவரின் கம்பெனி எடுத்தவரின் கம்பெனிக்கு நிமிடத்துக்கு 14 பைசா தர வேண்டும் என்பது அப்போதைய விதி; 2017 அக்டோபரில் அது 6 பைசாவானது. மற்ற நெட்வொர்க்கில் காசு கொடுத்துப் பேசிக்கொண்டிருந்த 2ஜி வாடிக்கையாளர்கள் என்ன செய்தார்கள்? ஜியோ வைத்திருக்கும் சொந்தக்காரருக்கு மிஸ்டு கால் கொடுத்தார்கள். அவர் இலவசமாகத் திரும்பக் கூப்பிட்டார். அந்தக் காசு ஜியோ தலையில் விழுந்தது. தங்களுக்கு ஒரு நாளைக்கு 25 முதல் 30 கோடி மிஸ்டு கால் வருவதாகவும், மூன்று ஆண்டுகளில் 13,500 கோடி ரூபாய் கட்டியிருப்பதாகவும் 2019 அக்டோபரில் ஜியோ புலம்பியது.

இந்த விளையாட்டைக் கம்பெனிகளும் கற்றுக்கொண்டன. ஜியோ தன் வாடிக்கையாளர்கள் கூப்பிடும்போது மணி அடிக்கும் நேரத்தை 20 நொடியாகச் சுருக்கியது. எதிர்முனையில் ஆள் ஓடிவந்து எடுப்பதற்குள் மணி நின்றுவிடும், அவர் திரும்பக் கூப்பிடுவார், 6 பைசா இந்தப் பக்கம் வரும். இது மோசடி என்று ஏர்டெல் கத்தியது. பிறகு தானும் நேரத்தைக் குறைத்தது. கடைசியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தலையிட்டு, செல்போன் என்றால் 30 நொடி, லேண்ட்லைன் என்றால் 60 நொடி மணி அடித்தாக வேண்டும் என்று உத்தரவிட்டது. தங்கை அண்ணனுக்குச் செய்ததைப் பெருநிறுவனங்கள் ஒன்றுக்கொன்று செய்துகொண்டன என்பதைப் படித்துச் சிரிக்காதவர்கள் குறைவு. 2021 ஜனவரியில் அந்த 6 பைசாவும் ஒழிந்தது.

சிரிப்பு அத்தோடு சரி. மிஸ்டு காலுக்கு ஆதாரமாக இருந்த இன்னொன்று, கணக்கில் காசில்லாத போனுக்கும் அழைப்பு வரும் என்பது, சத்தமில்லாமல் போய்விட்டது. 2018 பிப்ரவரியில் ஏர்செல் திவால் மனு கொடுத்தபோது தமிழ்நாட்டில் லட்சக்கணக்கானவர்கள் சிக்னல் இல்லாமல் நின்றார்கள். வேறு கம்பெனிக்கு மாறுவதற்கான போர்ட்டிங் எண் கேட்டுக் கடை வாசல்களில் கூட்டம் அலைமோதியது. கம்பெனிகள் குறையக் குறைய, ரீசார்ஜ் செய்யாதவர் வேண்டாத விருந்தாளி ஆனார். அந்த ஆண்டு இறுதியில் ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் குறைந்தபட்ச ரீசார்ஜைக் கொண்டுவந்தன. 28 நாளுக்கு 35 ரூபாய். கட்டாவிட்டால் முதலில் கூப்பிட முடியாது, சில நாளில் அழைப்பு வருவதும் நிற்கும். 2024 ஜூலை கட்டண உயர்வில் அந்த 35 ரூபாய் 200 ரூபாயைத் தொட்டது. 28 நாளுக்கு ஒருமுறை என்றால் வருடத்துக்கு 13 ரீசார்ஜ்.

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். பட்டன் போன் வைத்திருக்கும் ஒரு பாட்டி, பேரன் கூப்பிட்டால் எடுப்பதற்கு மட்டும் அதில் ஆறில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும். யூடியூபும் பார்ப்பதில்லை, யாரையும் கூப்பிடுவதும் இல்லை. அவர் கணக்கில் அன்லிமிடெட் அழைப்பும் சில ஜிபி டேட்டாவும் தொடப்படாமல் கிடந்து காலாவதியாகின்றன.

அரசு இன்னும் மிஸ்டு காலை நம்பியிருப்பதுதான் வேடிக்கை. வருங்கால வைப்பு நிதியின் இருப்பைத் தெரிந்துகொள்ள மிஸ்டு கால். இண்டேன் சிலிண்டருக்கு 2021 முதல் மிஸ்டு கால். ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்காக ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் தொடங்கிய யுபிஐ 123பே வசதியிலும் மிஸ்டு கால் ஒரு வழி. எழுத்தறிவு வேண்டாம், ஆங்கிலம் வேண்டாம், ஆப் வேண்டாம் என்று யோசித்துச் செய்த நல்ல ஏற்பாடுகள். ஆனால் வேலிடிட்டி முடிந்த சிம்மிலிருந்து மிஸ்டு கால் போகாது.

நெட்வொர்க்கைப் பராமரிக்கச் செலவில்லையா என்று கம்பெனிகள் கேட்பது நியாயம்தான். எதுவும் கட்டாத கோடிக்கணக்கான சிம்களைச் சுமக்க முடியாது என்பதும் உண்மை. அதற்கு 200 ரூபாய்தான் விடையா என்பதே கேள்வி. டேட்டா வேண்டாதவர்களுக்குக் குரல், எஸ்எம்எஸ் மட்டும் உள்ள திட்டம் தந்தே ஆக வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. அடுத்த மாதமே கம்பெனிகள் தந்தன: 84 நாளுக்கு 450 ரூபாயை ஒட்டி, அதுவும் அன்லிமிடெட் பேச்சோடு. 200 ரூபாயைச் சேர்த்துக் கொடுக்கவே திணறுகிறவர் 450 ரூபாயை ஒரே தடவையில் எங்கிருந்து எடுப்பார்?

டிராய் செய்ய வேண்டியது அடுத்த அடி. அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் வந்தால் போதும், எப்போதாவது கூப்பிட்டால் அந்த நிமிடத்துக்கு மட்டும் காசு, வருடத்துக்கு ஒருமுறை சிறு தொகை என்று ஒரு திட்டத்தை எல்லாக் கம்பெனிகளுக்கும் கட்டாயமாக்கலாம். மணி எத்தனை நொடி அடிக்க வேண்டும் என்பதையே உத்தரவு போட்டுச் சொன்ன அமைப்புக்கு இது பெரிய காரியமில்லை. அடுத்த கட்டண உயர்வுக்கு முன்பே செய்தால் நல்லது.