ஐஸ் வீடு பிழைத்தது! பழைய வீடுகள் பிழைக்குமா?

தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை பக்கம் போனால் ஒரு காட்சியைப் பார்க்கலாம்.

மரத்தூண் வைத்த பழைய ஓட்டு வீடு இடிபடுகிறது. தூண் ஒரு விலை, கதவு ஒரு விலை என்று போகிறது. பிறகு அங்கே அடுக்குமாடி எழும்புகிறது.

இடிப்பவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. நாலு பேர் பங்கு கேட்கும் வீட்டை ஒருவர் எப்படிக் காப்பாற்றுவார்?

ஆனால், 180 ஆண்டுகளைத் தாண்டியும் ஒரு கட்டிடம் நிற்கிறது. அதுதான் சென்னை மெரினா எதிரே உள்ள விவேகானந்தர் இல்லம். அது எப்படிப் பிழைத்தது?

கப்பலில் வந்த ஐஸ்

பிரடெரிக் டியூடர், அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து வியாபாரி. குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்ததும் ஐஸை வெட்டி எடுப்பார். மரத்தூளில் பொதிந்து கப்பலில் அனுப்புவார்.

அந்த ஐஸை வைக்க 1842-ம் ஆண்டு கட்டியதே 'ஐஸ் ஹவுஸ்'.

பின்னர் இந்தியாவிலேயே எந்திரத்தில் ஐஸ் செய்தார்கள். கப்பல் ஐஸ் வியாபாரம் படுத்தது.

வக்கீல் வாங்கினார்

வக்கீல் பிலிகிரி ஐயங்கார் அதை வாங்கினார். ஜன்னலும் தாழ்வாரமும் வைத்து வீடாக்கினார். நீதிபதி கெர்னான் பெயரால் 'காசில் கெர்னான்' என்று பெயரிட்டார்.

1897 பிப்ரவரியில், மேல்நாடு சென்று திரும்பிய சுவாமி விவேகானந்தர் அங்கே 9 நாள் தங்கினார். அதே ஆண்டு சுவாமி ராமகிருஷ்ணானந்தர் அங்கே மடம் தொடங்கினார்.

ஐயங்கார் இறந்தபின், 1906-ம் ஆண்டு வீடு ஏலம் போனது. மடம் வெளியேறியது. 1917-ம் ஆண்டு அரசாங்கம் அதை வாங்கியது.

அந்தக் கூரையின் கீழ்தான் சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளுக்கு விடுதி நடத்தினார். மூலையில் ஒதுக்கப்பட்ட பெண்கள் படித்து, ஆசிரியைகள் ஆனார்கள்.

1963-ம் ஆண்டு, விவேகானந்தர் நூற்றாண்டில் வீட்டுக்கு அவர் பெயர் வந்தது. 1997-ம் ஆண்டு ராமகிருஷ்ண மடத்துக்குக் குத்தகைக்கு விடப்பட்டது.

ரகசியம் என்ன?

ஐஸ் கிடங்கு, வக்கீல் வீடு, மடம், விடுதி, கண்காட்சி! ஒரு வேலை போனால், இன்னொரு வேலை கிடைத்தது. அதனால் வீடு நின்றது.

பாரம்பரியக் கட்டிடங்களைக் காக்க 2012-ம் ஆண்டு தமிழ்நாடு சட்டசபை ஒரு சட்டம் செய்தது. நல்லதுதான். ஆனால் சாதாரணக் குடும்பத்து ஓட்டு வீட்டைச் சட்டம் மட்டுமே காப்பாற்றாது. அதற்கும் ஒரு வேலை வேண்டும். ஒரு படிப்பகமோ, பாலர் பள்ளியோ நடந்தாலும் போதும்.

அதற்கும் வழி இல்லையா? இடிக்குமுன் வீட்டைப் படம் எடுங்கள். பழைய பத்திரத்தைப் பிரித்து, யார் கட்டினார், யார் வாங்கினார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள்.

வீடு போனாலும், அதன் கதை பேரப்பிள்ளைகளுக்கு மிஞ்சும்.