அயல்நாட்டில் ஊமையர் யார்?



சிங்காநல்லூர்க் குளக்கரையில் மாலைதோறும் என்னோடு நடந்துவரும் அன்பர் ஒருவர் உளர். நீரேற்றும் பொறிகளுக்கு வார்ப்பட உறுப்புகள் செய்து கொடுக்கும் சிறு பட்டறைக்கு உரியவர். வார்த்தெடுத்த இரும்பைச் சுத்தியலால் ஒருமுறை தட்டி, எழும் ஓசையைக் கொண்டே உள்ளே புரையிருக்கின்றதா இல்லையா என்று சொல்லிவிடுவார். அத்தகைய கைத்திறம் உடையவர், சென்ற ஆண்டு புதிய பொறியொன்றைப் பார்த்து வருவதற்காகச் செருமனி நாட்டிற்குச் சென்றிருந்தார். போனபோது நிமிர்ந்து போனவர், திரும்பியபோது குனிந்து திரும்பினார்.

"ஊமையாட்டம் நின்னு போட்டனுங்க வாத்தியாரய்யா. இங்கிலீசு தெரியாத கொறை என்னோட போவட்டும். பேத்தியத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துல இருந்து எடுத்து, இங்கிலீசுப் பள்ளியில சேத்துப் போட்டனுங்க."

யான் உடனே சினங்கொள்ளவில்லை. "நடந்ததை முழுமையாகச் சொல்லுங்கள்" என்றேன். அவர் சொன்னார். இரவு நேரம், சிற்றூரொன்றின் தொடர்வண்டி நிலையம், மாறி ஏற வேண்டிய வண்டி வரவில்லை. மேடையில் ஒரு மூதாட்டியைத் தவிர வேறு ஆளில்லை. இவர் தமக்குத் தெரிந்த நாலைந்து ஆங்கிலச் சொற்களைக் கோத்துக் கேட்டிருக்கின்றார். மூதாட்டிக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. அவர் செருமானிய மொழியிலேயே விடை சொன்னார். இவர் சட்டைப்பையில் இருந்த தாளை எடுத்து நீட்டினார். தங்கும் விடுதியின் முகவரி அதில் அந்நாட்டு மொழியிலேயே எழுதப்பட்டிருந்தது. மூதாட்டி அதனைப் படித்தார். இவர் கையைப் பற்றினார். எதிர்மேடைக்கு அழைத்துச் சென்று உரிய வண்டியில் ஏற்றிவிட்டுப் போனார்.

இதுதான் நடந்தது. இதிலிருந்து நம் அன்பர் கற்ற பாடம், பேத்திக்கு ஆங்கிலவழிக் கல்வி!

அன்பர்களே, எண்ணிப் பாருங்கள். அந்த இரவில் அவரைக் காப்பாற்றியது எது? ஆங்கிலமா? அது அங்கே செல்லாக் காசாகக் கிடந்தது. காப்பாற்றியது அந்நாட்டு மொழியில் எழுதிய ஒரு துண்டுத் தாளும், அம்மூதாட்டியின் அன்பும். அம் மூதாட்டிக்கும் ஆங்கிலம் தெரியாது. நம் அன்பருக்கும் தெரியாது. இருவரும் ஒரே நிலையில்தான் நின்றனர். ஆயின் அவர் வெட்கப்படவில்லை, இவர் வெட்கப்பட்டார். தம் மொழியில் தலைநிமிர்ந்து பேசிய அவர் ஊமையல்லர். தமக்கொரு மொழி உண்டு என்பதையே மறந்து நின்ற இவர்தாம் தம்மை ஊமை என்று சொல்லிக்கொண்டார். நம்மவரைப் பற்றியுள்ள நோய் இதுவே. பிறர் மொழி தெரியாமை ஒரு குறை, கற்றால் தீரும். தம் மொழியை எண்ணி நாணுதல் குறையன்று, நோய்; அது பேத்தி வரைக்கும் தொற்றும்.

அவர் பார்க்கப்போன பொறியை ஆக்கியவர்கள் எம் மொழியில் படித்தவர்கள்? பள்ளியில் செருமானிய மொழியில் எண்ணும் எழுத்தும் கற்றவர்கள். சப்பானியர் சப்பானிய மொழியிலும், கொரியர் கொரிய மொழியிலும் தம் பிள்ளைகளுக்கு அறிவியல் கற்பிக்கின்றனர். ஆங்கிலத்தையும் ஒரு பாடமாகக் கற்கின்றனர். ஆனால் அதன் காலடியில் தம் மொழியைக் கொண்டுபோய்ப் போடுவதில்லை. பொறி வாங்கப்போன நாம் பொறியை மட்டும் பார்த்தோம். அதனை ஈன்ற மொழிப்பற்றைப் பார்க்கத் தவறினோம்.

அச் செருமனி நாட்டிலிருந்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒருவர் நம் நாட்டிற்கு ஊமையராகவே வந்தார். 1706-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தரங்கம்பாடிக் கரையில் இறங்கிய சீகன்பால்கு அவர். தமிழில் ஒரு சொல்லும் அறியார். என்ன செய்தார்? 'ஐயோ, இவர்களுக்கு என் மொழி தெரியவில்லையே' என்று நொந்தாரா? இல்லை. திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு தாமும் அமர்ந்து, மணலில் விரல்வைத்து அகரம் எழுதினார். 1715-இல் கிறித்துவ மறையின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் செருமனியின் ஆல்லே நகரில் அச்சேறியது. நம் அன்பர் தலைகுனிந்து நடந்த அதே நாட்டில், முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே தமிழ் இலக்கணம் அச்சாகிக் கிடந்தது! இத்தாலியினின்று வந்த வீரமாமுனிவர், 1838-இல் வந்த கால்டுவெல், 1839-இல் வந்த போப்பு ஆகிய எல்லாரும் அயல்மொழியினராய் வந்தவர்களே. கற்றறிந்து புலவராய் நின்றவர்களே. சமயம் பரப்ப வந்தார்கள் என்பது உண்மைதான். ஆயினும் வந்த நாட்டின் மொழிக்குத் தலைவணங்க வேண்டும் என்னும் விருந்தினர் நெறியை அவர்கள் அறிந்திருந்தனர்.

நம் முன்னோர் வெளிநாடு செல்லாதவர்களா? சிங்காநல்லூரினின்று நொய்யலைக் கடந்தால் வெள்ளலூர். அங்கே 1842-ஆம் ஆண்டிலும் பின்னரும் உரோமைப் பேரரசர்களான அகசுத்தசு, திபேரியசு ஆகியோரின் வெள்ளிக் காசுகள் நூற்றுக்கணக்கில் குவியல் குவியலாகக் கிடைத்தன. அக் காசு கொங்கு மண்ணிற்கு வந்த காலத்தில் இங்கே யாருக்கு ஆங்கிலம் தெரியும்? ஆங்கிலம் என்றொரு மொழியே அன்று இல்லை! எகிப்து நாட்டுச் செங்கடற் கரையில் கிடைத்த பானை ஓட்டில் தமிழ் எழுத்தில் தமிழ்ச் சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. தாய்லாந்தின் தென்பகுதியில் பொற்கொல்லர் ஒருவரின் உரைகல் கிடைத்துள்ளது. அதில் 'பெரும்பதன் கல்' என்று தமிழில் எழுதியிருக்கின்றது. ஏறத்தாழ ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்டது. அயல்நாட்டிற்குப் பிழைக்கப்போன ஒரு தட்டார், அந்நாட்டு மொழியை எந்த அளவு கற்றாரோ அறியோம். தம் கருவியின்மேல் தம் பெயரைத் தம் மொழியில் எழுதி வைத்துக்கொண்டார் என்பதை அறிவோம். இன்று கோவைக் கடைத்தெருவில் நகைக்கடைப் பலகையை அண்ணாந்து பாருங்கள். அத் தட்டாரின் வழித்தோன்றல்கள் எம் மொழியில் பெயர் எழுதியிருக்கின்றனர் என்று காண்பீர்கள்.

சுமத்திராத் தீவின் பாரூசில் 1088-ஆம் ஆண்டு ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினர் நாட்டிய தமிழ்க் கல்வெட்டு உள்ளது. சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு உள்ளது. இவற்றினும் சிறந்த சான்று ஒன்று உண்டு. சீனப் பேரரசரின் கடற்படைத் தலைவர் செங் கே இலங்கைக்குக் கொண்டுவந்த கல். 1409-ஆம் ஆண்டு நாளிட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என மும்மொழியில் வெட்டப்பட்டது. சீனர் கடல் கடக்கும்போது, போகும் இடத்தில் வழங்கும் மொழி எது என்று கேட்டறிந்து, தமிழையும் கல்லில் வெட்டி எடுத்து வந்தனர். அக் கல் 1911-இல் காலி நகரில் கிடைத்தபோது, சாக்கடைப் பாலத்தின் மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடந்தது. பேரரசர் போற்றிய தமிழுக்குச் சாக்கடையின்மேல் இடம்! தமிழின் இற்றை நிலைக்கு இதைவிட வேறு உவமை வேண்டா.

இனி என் பட்டறிவைச் சொல்கின்றேன். மகளின் பேறுகாலத்தை முன்னிட்டுச் சிங்கப்பூர் செல்ல நேர்ந்தது. எங்கள் ஊரினின்று கூப்பிடு தொலைவில் உள்ள பீளமேட்டு வானூர்தி நிலையத்தில் ஏறிச் சென்னை சென்று, அங்கிருந்து செல்லும் பயணம். கோவையில் ஏறி அமர்ந்ததும் பணிப்பெண் எழுந்து நின்று, இருக்கைப் பட்டையை இறுக்குவது, மூச்சுறையை மாட்டுவது, இடர் வந்தால் வெளியேறும் வழி ஆகியவற்றை இந்தியிலும் ஆங்கிலத்திலும் சொன்னார். என்னருகே எண்பது அகவை நிரம்பிய கொங்கு நாட்டு அம்மை ஒருவர். "என்ன சாமி சொல்லுது அந்தப் புள்ளை?" என்று என்னைக் கேட்டார். யானே பட்டையை மாட்டிவிட்டு, சொன்னவற்றை எல்லாம் தமிழில் எடுத்துரைத்தேன். ஏறிய இடம் தமிழ்நாடு. இறங்கும் இடம் தமிழ்நாடு. ஏறியவர் பெரும்பாலோர் தமிழர். உயிர் காக்கும் அறிவிப்போ தமிழில் இல்லை! அயல்நாடு எங்கோ கடலுக்கு அப்பால் தொடங்குகின்றது என்று நினைத்திருந்தேன். அது பீளமேட்டிலேயே தொடங்கிவிடுகின்றது. 2010-ஆம் ஆண்டு உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு கூடியதும் இதே கோவையில்தான் என்பதை நினைவிற் கொள்க.

சிங்கப்பூரில் இறங்கினேன். 1965-இல் தனிநாடான அத் தீவில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. தொடர்வண்டியில் ஏறும்போது, மேடைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்துக் கால் வைக்குமாறு தமிழில் ஒரு குரல் சொல்லியது. சீனமோ மலாயோ அறியாத யான் அங்கே ஊமையாகவில்லை. பிறந்த மண்ணில் பறிக்கப்பட்ட நாவைக் கடல் கடந்த மண் திருப்பித் தந்தது.

ஆயினும் அங்கும் ஒரு கசப்பு உண்டு, மறைக்க மாட்டேன். வீட்டில் தமிழை மிகுதியும் பேசுவோர் அந்நாட்டுக் குடிக்கணக்கின்படி 2010-இல் நூற்றுக்கு 3.3 விழுக்காட்டினர்; 2020-இல் 2.5 விழுக்காட்டினரே. அரசு கொடுத்த அரியணையை வீடு பறிக்கின்றது. சட்டம் பலகையில் மொழியைக் காக்கும். நாவில் காக்க வேண்டியவர் தாயும் தந்தையும் தாத்தாவுமே. மொரிசியசுத் தீவைப் பாருங்கள். அங்குள்ள தமிழ் வழியினருள் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல் மொழி. ஆயினும் 1998-இல் பணத்தாளில் தமிழுக்கு இருந்த வரிசையை மாற்றி, இந்தியை அதற்கு மேலே ஏற்றியபோது அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். அத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டுப் பழைய வரிசையில் புதிய தாள்கள் வந்தன. பேச்சை இழந்தவர்கள் எழுத்துக்காக எழுந்தனர். பேச்சும் எழுத்தும் முழுமையாக உடைய நாம் உறங்குகின்றோம்.

'அப்படியாயின் மொழி தெரியாமல் வளைகுடா சென்று அல்லற்படும் நம் தொழிலாளர் நிலை என்ன?' என்று கேட்பீர்கள். முறையான கேள்வி. படிக்கத் தெரியாத மொழியில் அச்சிட்ட ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டு, சொன்ன கூலி ஒன்றும் கொடுத்த கூலி வேறுமாகத் தவிப்போர் உளர். அவர்களுக்குத் தேவை ஆங்கிலவழிப் பள்ளியன்று. புறப்படுமுன் அவ் ஒப்பந்தம் தமிழில் அவர்கள் கையில் இருக்க வேண்டும். போகும் நாட்டு மொழியில் நூறு சொற்களேனும் நாவில் இருக்க வேண்டும். இவ் இரண்டையும் கேட்க நமக்கு நாவெழவில்லை.

இதே அளவுகோலை நம்மிடம் வருவோர்க்கும் வைக்க வேண்டும். பீகாரினின்றும் ஒடிசாவினின்றும் எங்கள் ஊர்ப் பட்டறைகளுக்கு வந்துள்ள இளைஞர்கள் நம் பகைவரல்லர். வயிறு துரத்தி வந்தவர்கள். தேநீர்க் கடையில் ஆறே திங்களில் 'அண்ணா, ஒரு டீ' என்று தமிழ் பேசுகின்றனர். கடைக்காரரோ அவர்களிடம் உடைந்த இந்தியில் விடை சொல்லிப் பெருமை கொள்கின்றார்! கற்க வந்தவன் நாவைக் கட்டிப்போடுவது விருந்தோம்பலா? தமிழறிந்த தொழிலாளியைக் கூலியில் ஏய்க்க முடியாது. மருத்துவமனையில் அவன் நோயை அவனே சொல்வான். அவனுக்குத் தமிழ் கற்பிப்பதே நாம் செய்யத்தக்க உதவி. கற்க மறுப்போர் வேறு. தமிழர் வரிப்பணத்தில் சம்பளம் பெற்று, அலுவலக மேசைக்குப் பின்னால் அமர்ந்து, தமிழில் நிரப்பிய படிவத்தைத் திருப்பித் தள்ளுவோரே அவர். நம் சினம் அங்கே பாயட்டும். பட்டறையில் கரிபடிந்து நிற்கும் ஏழையின்மேல் வேண்டா.

எனவே அன்பர்களே, நெறி ஒன்றே: விருந்தினன் வீட்டார் மொழியைக் கற்க வேண்டும், வீட்டார் தம் மொழியைக் கைவிடலாகாது. அயல்நாடு செல்வீராயின் அந்நாட்டு மொழியில் வணக்கமும் நன்றியும் வழி கேட்கும் சொல்லும் கற்றுச் செல்லுங்கள். கையொப்பத்தைத் தமிழில் இடுங்கள். வானூர்தியில் தமிழ் ஒலிக்கவில்லையெனின் இறங்கும்போதே எழுதிக் கொடுங்கள். ஒருவர் எழுதினால் குப்பைக்குப் போகும், ஓராயிரவர் எழுதினால் போகாது. ஆங்கிலம் வேண்டுமா, கருவியாகக் கற்பியுங்கள். தமிழை விலையாகக் கொடுத்து வாங்காதீர்கள்.

குளக்கரையில் நம் அன்பரிடம் இறுதியாக ஒன்று கேட்டேன்: "அந்தச் செருமானிய மூதாட்டி நாளைக்குச் சிங்காநல்லூர் வந்து வழி தெரியாமல் நின்றால், உங்கள் பேத்தி எந்த மொழியில் வழி சொல்வாள்? ஆங்கிலத்தில் சொன்னால் அவருக்கு விளங்காது. தமிழில் சொல்ல அவளுக்கே தெரியாமற் போகுமே!" அன்பர் நெடுநேரம் பேசவில்லை. பேத்தி இன்றும் அவ் ஆங்கிலப் பள்ளியில்தான் படிக்கின்றாள். ஆயின் ஞாயிறுதோறும் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து தமிழ் எழுதுகின்றாள். இது போதாது; நன்றாகவே அறிவேன். திண்ணையில் கிடைக்கும் தமிழ் பள்ளியில் கிடைக்க வேண்டும். பள்ளியில் கிடைக்கும் தமிழ் வானூர்தியிலும் ஒலிக்க வேண்டும். அதுவரை நம் நாவிற்கு ஓய்வில்லை.

நாவுடைய தமிழரே, பேசுங்கள்!