காப்பிப் பொறியும் பேணுங் கடனும்

காப்பி பருகுதல் நம் நாட்டாருட் பலருக்கு நாட்கடனாகிவிட்டது. பித்தளை வடிகட்டியில் இரவே தூளிட்டு வெந்நீர் வார்த்து வைத்து, விடியலில் இறங்கியிருக்கும் டிக்காஷனைப் பாலொடு கலந்து டபராவில் ஆற்றிக் குடித்தலே நாம் வழிவழியாய் அறிந்த முறை. அண்மைக்காலத்தே இத்தாலி நாட்டு எஸ்பிரஸோவும் நம் நகரங்களிற் புகுந்து, கடைகளில் மட்டுமன்றி இல்லங்களிலும் இடம்பெறத் தொடங்கியுள்ளது. நம் கல்லூரியின் பழைய மாணவர் சிலரும் அதற்குரிய பொறியை வாங்கி வைத்துள்ளனர். ஆயினும், வாங்கிய சின்னாளில், "கடையிற் குடித்த சுவை வரவில்லையே" என வருந்தி, அதனைத் துணியால் மூடி மூலையில் வைத்துவிட்டாரும் அவருள் உளர். இதற்குக் காரணம் யாது? பொறியின் குறையா? கொட்டையின் குறையா? அன்றி ஆள்வோர் குறையா? இவ்வினாவிற்கு யாம் பட்டறிந்த ஒன்றைக் கொண்டே விடை கூறப் புகுகின்றோம்.

முதற்கண், எஸ்பிரஸோ என்பது இன்னதென அறிதல் வேண்டும். அது கொட்டையின் வகையன்று, வறுவலின் வகையுமன்று, காப்பியை இறக்கும் ஒரு முறையின் பெயராம். நுண்ணிதாய் அரைத்த தூளைச் சிறு கூடையில் இறுக அமைத்து, அதனூடே வெந்நீரைப் பேரழுத்தத்தாற் செலுத்தி, அரை நிமிடத்திற்குள் சாற்றைக் கொள்வதே அம்முறை. 1884ஆம் ஆண்டில் டூரின் நகரத்து ஏஞ்சலோ மொரியொண்டோ என்பார் நீராவி கொண்டு காப்பி இறக்கும் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். 1901இல் மிலான் நகரத்து லூயிஜி பெஸ்ஸெரா என்பார் கேட்டவர்க்குக் கேட்டபொழுதே கோப்பை கோப்பையாக இறக்கும் பொறியை அமைத்தார். அவ்வுரிமையை வாங்கிய டெசிடேரியோ பவோனி 1905 முதல் அதனைச் செய்து விற்கலானார். இவை நீராவியின் சிற்றழுத்தத்தையே நம்பியவை. பின்னர், அக்கில்லே காஜ்ஜா என்பார் 1947இல் வெளிப்படுத்திய நெம்புகோலும் சுருள்வில்லும் அமைந்த பொறியே, காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு அழுத்தத்தை நீருக்கு அளித்தது. காப்பியின்மேற் பொன்னிற நுரை படர்ந்ததும் அதன் பின்னரே. 1961இல் வந்த ஃபாயெமா ஈ61 என்னும் பொறியில், கைவலிமைக்கு மாறாக மின்விசைப் பம்பு அவ்வேலையைச் செய்யலாயிற்று. இன்று வீடுகளில் உள்ள பொறிகளிற் பல இவ்வழி வந்தனவே. நம் நாட்டுக் காப்பிக்கொட்டையை மிகுதியாய் வாங்கும் நாடுகளுள் இத்தாலியும் ஒன்றாதலின், இப்பானம் நமக்கு முற்றும் அயலதென்று கூறுதலும் பொருந்தாது.

இனி, வீட்டில் இதனைச் செய்யும் வகையைச் சுருங்கக் கூறுவோம். இரண்டு கோப்பைக்குரிய கூடையாயின் 18 கிராம் தூளிட்டு, 36 கிராம் சாறு இறங்கும்வரை விடுதல் பலரும் கைக்கொள்ளும் தொடக்க அளவு. நீரின் வெப்பம் 90 முதல் 96 பாகை வரை இருத்தல் நன்று. சாறு இறங்கும் காலம் 25 முதல் 30 நொடி. பத்து நொடியில் இறங்கிவிடின் புளிப்பும் நீர்மையும் மிகும். ஐம்பது நொடியாயினும் சொட்டுச் சொட்டாய் வருமாயின் கைப்பே மிஞ்சும். முன்னதற்குத் தூளை இன்னும் நுண்ணிதாகவும், பின்னதற்குச் சற்றுப் பருவெட்டாகவும் அரைத்தல் வேண்டும். கூடையில் தூளைச் சமமாகப் பரப்பி, ஒருபாற் சாயாமல் அமுக்குதல் இன்றியமையாதது. சாய்ந்திருப்பின், நீர் எளிய வழியைத் தேடி ஒருபுறமே ஓடிவிடும். நாடோறும் ஒன்றை மட்டுமே மாற்றி விளைவைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். தூளின் அளவையும் அரைவையையும் ஒருங்கே மாற்றுவார், எதனால் எது விளைந்ததென அறியமாட்டார். ஆய்வுக்கூடத்திற் பயின்ற மாணவர்க்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா.

இதனால் ஒன்று புலனாகும். அரைவையே இவ்வேலையின் உயிர்நிலை. ஆதலின், கையிலுள்ள பணத்தையெல்லாம் பளபளக்கும் பொறியிற் செலவிட்டு, அரைப்பதற்குச் சமையலறை மிக்ஸியை நம்புதல் பேதைமை என்பது எம் துணிபு. மிக்ஸியின் கத்தி கொட்டையை வெட்டுமேயன்றி ஒரு தன்மையாய் அரைக்காது. மாவும் நொய்யும் கலந்தே தரும். இரண்டு பற்சக்கரங்களிடையே அரைக்கும் கைம்மில்லாயினும் ஒன்று வைத்துக்கொள்ளுதலே நன்று. சிக்கரி கலந்த தூள் நம் பித்தளை வடிகட்டிக்கு ஏற்றது. இப்பொறியிற் பசைபோல் அடைத்துக்கொள்ளும்.

நிற்க. இவையெல்லாம் யாமும் நூல்வாயிலாக அறிந்திருந்தோம், அறிந்திருந்தும் வழுவினோம். மூன்றாண்டுகட்கு முன்னர், ஆசிரியர் விடுதியில் உறையும் யாம் நால்வர் எம் ஊதியத்திற் சிறிது சிறிதாய் ஒதுக்கி ஒரு பொறியும் ஒரு மில்லும் வாங்கினோம். நகரத்தில் இளைஞர் ஒருவர் தாமே கொட்டையை வறுத்துச் சிறுகடை நடத்திவந்தார். பதினைந்து நாட்கொருமுறை அவரிடமே கொட்டை வாங்கினோம். முதல் ஐந்தாறு திங்கள் சுவை நன்றாகவே இருந்தது. பின்னர் நாளுக்குநாட் கைப்பு மிகுந்தது. கருகிய எண்ணெயின் நாற்றமும் தோன்றிற்று. யாம் என் செய்தோம்? பழங்கொட்டையைத் தலையிற் கட்டிவிட்டார் என அவ்விளைஞருக்குக் கடுஞ்சொற்களால் ஒரு மடல் விடுத்தோம். அவர் கடையை நீங்கினோம். அத்துடன் அமையாது, நண்பர் பலரிடமும் அவரைப் பழித்தோம். எம் சொல்லை நம்பி அவருட் சிலரும் நீங்கினர். வேறு இரு கடைகளில் வாங்கிய கொட்டையும் அவ்வாறே கைத்தது. அப்பொழுதாயினும் எமக்கு அறிவு பிறந்ததில்லை.

ஒருநாள் பொறியின் கைப்பிடிப் பக்கத்தே நீர் ஒழுகிற்று. பழுது பார்ப்பவரை அழைத்தோம். அவர் திருகாணியைக் கழற்றி, மேலேயிருந்து நீரைத் தெளிக்கும் சல்லடைத் தகட்டை எடுத்து எம் முன் வைத்தார். அதன் துளைகளிற் பாதி அடைபட்டிருந்தன. தாரைப் பூசினாற்போல் கரும்படலம் படிந்திருந்தது. முகர்ந்தபொழுது, யாம் ஆறு திங்களாய்க் கோப்பையில் முகர்ந்துவந்த அந்நாற்றமே வீசிற்று.

"ஐயா, இதைக் கடைசியாக எப்பொழுது கழற்றினீர்கள்?" என்றார் அவர்.

"இதனைக் கழற்றுவதும் உண்டோ?" என்றோம் யாம்.

அவர் வேறொன்றும் கூறிற்றிலர். தகட்டைத் தேய்த்துக் கழுவி, இறுகிப்போன ரப்பர் வளையத்தை மாற்றிவிட்டுச் சென்றார். அன்று மாலை, யாம் கைப்பென்று ஒதுக்கிய கொட்டையே இனிய காப்பியைத் தந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணலென்றாள் என்னும் பழமொழிக்கு யாமே எடுத்துக்காட்டாயினோம். மறுநாள் அவ்விளைஞரிடம் நால்வரும் சென்று பொறுத்தருளுமாறு வேண்டினோம். "எழுதுவதற்கு முன்னால் ஒருமுறை என்னைக் கூப்பிட்டிருக்கலாமே, ஐயா, நானே வந்து பார்த்திருப்பேன்" என்று மட்டும் அவர் கூறினார். யாம் பழித்ததனால் நீங்கியவருள் இருவரே மீண்டனர் எனப் பின்னர் அறிந்தோம். பொறியைச் சில நிமிடத்திற் செம்மை செய்ய இயன்றது. எம் சொல்லால் விளைந்ததை முற்றும் செம்மை செய்ய இன்றுவரை இயன்றதில்லை.

எம்மைப் போற் பிறரும் இடருறாமைப் பொருட்டு, பேணும் முறையை ஈண்டுக் குறிப்பிடுகின்றோம். காப்பிக்கொட்டையில் எண்ணெய் உண்டு. அது பொறியிற் படிந்து காற்றும் வெப்பமும் பட்டுச் சிக்குநாற்றம் கொள்ளும். ஆதலின், ஒவ்வொரு முறையும் காப்பி இறக்கியவுடன் தூட்கட்டியைத் தட்டிக் களைந்து, கூடையைக் கழுவி, சிறிது வெறுநீரைப் பொறியினூடே விடுதல் வேண்டும். பால் நுரைக்கும் நீராவிக்குழாயை அக்கணமே ஈரத்துணியால் துடைத்து, ஒரு நொடி நீராவியை வெளியே விடுதல் வேண்டும். காய்ந்த பால் கல்லாகிவிடும், உள்ளே தங்கிய பால் புளிக்கும். வாரமொருமுறை சல்லடைத் தகட்டையும் கூடையையும் காப்பி எண்ணெய் நீக்கும் தூள் கரைத்த வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்துப் பலகால் அலசுக. துளையில்லாக் கூடையிட்டு நீரைப் பின்னோக்கிச் செலுத்திக் கழுவும் முறை எல்லாப் பொறிகளுக்கும் பொருந்தாது; செய்தவர் தந்த கையேடு இசைந்தாலன்றி அதனைச் செய்யற்க. மில்லை மின்தொடர்பு நீக்கிய பின்னர்த் தூரிகையால் மட்டுமே துடைத்தல் வேண்டும். அதன் பற்சக்கரங்களில் நீர் படலாகாது. ரப்பர் வளையம் வெப்பத்தால் இறுகும் இயல்பினது, ஒழுகுமுன்னரே மாற்றுக.

தண்ணீரைப் பற்றித் தனியே கூறல் வேண்டும். நம் ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றுநீர் பெரும்பாலும் உப்புநீர். இட்லிப் பானையின் அடியிற் படியும் வெண்காரையே பொறியின் கொதிகலத்துள்ளும் நுண்குழாய்களுள்ளும் படிந்து அவற்றை அடைக்கின்றது. இட்லிப் பானையை நாம் காண்கின்றோம், கொதிகலத்தைக் காண்பதில்லை. இதனாலேயே பல பொறிகள் உரிய காலத்திற்கு முன் மாய்கின்றன. அவ்வாறென்று உப்பு முழுவதும் நீங்கிய நீரை வார்த்தலும் நன்றன்று; சுவை சப்பென்றிருப்பதோடு, சிலவகைக் கொதிகலங்களின் நீர்மட்டக் கருவியும் அந்நீரை உணராது. இடைநிலையே ஏற்றது. வேதியியல் மாணவர் நீரின் கடினத்தன்மையை ஈ.டி.டி.ஏ. கரைசலால் அளந்து பழகுகின்றனரன்றோ? தம் வீட்டு நீரையும் ஒருமுறை அளந்து பார்ப்பாராயின், கல்வி அடுக்களைக்கும் பயன்படும். காரை படிந்துவிடின், எலுமிச்சை உப்பெனக் கடைகளில் விற்கும் சிட்ரிக் அமிலத்தால் அதனைக் கரைக்கலாம். ஆயினும் உலோகத்திற்கேற்ப விதி வேறுபடுமாதலின், இங்கும் கையேட்டைக் கேட்டே செய்தல் வேண்டும்.

"ஒரு கோப்பைக் காப்பிக்கு இத்துணைத் தொல்லையா?" என வினவுவார் உளர். அவர் வினா முறையானதே. நாடோறும் ஐந்து நிமிடம் துடைத்தற்கு மனமில்லாதார் இப்பொறியை வாங்காமையே நன்று என்போம். அதனால் அவர்க்கு இழிவு யாதுமில்லை. 1933இல் அல்ஃபோன்ஸோ பியாலெட்டி வெளிப்படுத்திய மோகா பாத்திரம் குறைந்த விலையிற் கிடைக்கும், அடுப்பிலேற்றினாற் போதும். அதன் அழுத்தம் சிறிதாகலின் அதில் இறங்குவது எஸ்பிரஸோ அன்றெனினும், திண்ணிய காப்பியே. அதிலும் நீரைப் பாதுகாப்பு வால்வுக்கு மேல் நிரப்பாமையும், தூளை அமுக்காமையும், வால்வு அடைபடாமற் காத்தலும் வேண்டும்; அடைபட்டது வெடிக்கவுங்கூடும். நம் பித்தளை வடிகட்டியும் துளை அடைபடாமற் கழுவப்பட்டால் நன்றாய் இறக்கும். கழுவப்படாவிடின் அதுவும் நம்மை வஞ்சிக்கும். சிறிதோ பெரிதோ, பேணாத கருவி எதுவும் நமக்கு உண்மை சொல்லாது.

ஆதலின் எம் கருத்து இது. பொறியை வாங்குவார், அதனைப் பேணுங் கடனையும் உடன்வாங்குகின்றனர். விலைச்சீட்டில் அக்கடன் எழுதப்படுவதில்லை. ஆயினும் நாடோறும் செலுத்தப்படல் வேண்டும். அது செலுத்தப்படாதவிடத்து, நாம் இழப்பது ஒரு கோப்பைக் காப்பியின் சுவை மட்டுமன்று. நம் மடியின் பயனைப் பிறர்மேற் குற்றமாய் ஏற்றும் இழிவும் நேர்கின்றது. காப்பி கைக்குங்கால், கடைக்காரரை நோவதற்கு முன் சல்லடைத் தகட்டைக் கழற்றிப் பார்க்குமாறு நம் மாணவர்களையும் நண்பர்களையும் வேண்டிக்கொள்ளுகின்றோம்.